வி.ஆர். ஹெட்செட் வணிகமும் வாங்குவோரின் காத்திருப்பும்

ஒரு பொருளை இன்றே வாங்குவதா, அடுத்த ஆண்டு வரை பொறுத்துப் பார்ப்பதா என்னும் தயக்கம் வாங்குவோரின் சுபாவத்தைச் சேர்ந்த விஷயமாகவே பொதுவாக எண்ணப்படுகிறது. ஆனால் இரு கண்களுக்கும் தனித்தனிப் படங்களைக் காட்டி, தலை திரும்பும் பக்கமெல்லாம் காட்சியையும் திருப்பி, கணினி உருவாக்கிய ஓர் இடத்துக்குள் நிற்பதாகவே அணிந்தவரை உணரச் செய்யும் வி.ஆர். ஹெட்செட், அதாவது மெய்நிகர் உண்மைக்கான தலைக்கருவி, கடந்துவந்த வணிக வரலாற்றைப் பார்த்தால், இந்தத் தயக்கத்தைத் தொழிலே திரும்பத் திரும்ப உண்டாக்கியிருப்பது தெரியும். விற்பனைக்கு வருமுன்பே செய்யப்பட்ட அறிவிப்புகள், ஆண்டுக்கொரு புதிய வடிவம், எதிர்பாராத விலைக்குறைப்பு, ஒருமுறை எதிர்பாராத விலையேற்றம், கடைசியில் ஓசையின்றிக் கைவிடுதல் என்று அந்த வரலாறு நீள்கிறது.

பொருளியலறிஞர்கள் இந்தச் சிக்கலை முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். பின்னாளில், 1991இல், நோபல் பரிசு பெற்ற ரொனால்டு கோஸ் 1972இல் எழுதிய ஒரு கட்டுரையில், நீடித்து உழைக்கும் பொருளைத் தனியொருவராக விற்பவருக்கு அவருடைய எதிர்காலமே போட்டியாளராகிவிடுகிறது என்று வாதிட்டார். நாளை விலை குறையும் என்று வாங்குவோர் நம்பினால் இன்று வாங்க மாட்டார்கள், இன்று வாங்காததாலேயே விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் விற்பவருக்கு ஏற்படும் என்பது அந்த வாதத்தின் சாரம். இதிலிருந்து தப்ப, பொருளை விற்காமல் வாடகைக்கு விடுவது ஒரு வழி என்றும் அவர் சுட்டினார்.

கணினித் தொழிலில் இதற்குச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு ஆடம் ஆஸ்போர்னின் நிறுவனம். ரமண மகரிஷியின் அன்பரும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவருமான ஆர்தர் ஆஸ்போர்னின் மகனான ஆடம், சிறுவயதைத் திருவண்ணாமலையில் கழித்தவர். இறுதி ஆண்டுகளில் கொடைக்கானலில் வாழ்ந்து 2003இல் அங்கேயே மறைந்தவர். 1981இல் 1,795 டாலருக்கு அவர் அமெரிக்காவில் கொண்டுவந்த, கையில் தூக்கிச் செல்லத்தக்க ஆஸ்போர்ன் 1 என்னும் கணினி முதலில் நன்றாக விற்றது. ஆனால் அதைவிடச் சிறந்த அடுத்த கணினி வரப்போகிறது என்னும் செய்தி 1983இல் பரவியதும் வாடிக்கையாளர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள் என்றும், அதனால் அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது என்றும் கூறப்படுகிறது. நிர்வாகத் தவறுகளும் போட்டியும் அதே அளவு காரணம் என்று சொல்லிப் பின்வந்த ஆய்வுகள் இதை மறுத்திருந்தாலும், முன்கூட்டிய அறிவிப்பு இருக்கும் சரக்கின் விற்பனையைக் கொல்லும் என்ற கருத்துக்கு ஆஸ்போர்ன் விளைவு என்னும் பெயர் நிலைத்துவிட்டது. வி.ஆர். தொழில் இந்தப் பாடத்தை அறிந்தே வளர்ந்தது. சில வேளைகளில் அதை மீறியது, ஒருமுறை அதைத் தனக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொண்டது.

தொடக்க காலத்தில் வாங்குவது பற்றிய கேள்விக்கே இடமில்லை. ஐவன் சதர்லாந்து 1968இல் செய்துகாட்டிய தலைக்கருவி, தலையின் அசைவை அளக்கும் இயந்திரக் கையொன்றால் கூரையோடு இணைக்கப்பட்டிருந்த ஆய்வகச் சாதனம். ஜாரன் லேனியர் நிறுவிய வி.பி.எல். ரிசர்ச் 1980களின் இறுதியில் ஐஃபோன் என்ற தலைக்கருவியை (இன்றைய ஐபோனுக்கும் இதற்கும் தொடர்பில்லை) விற்கத் தொடங்கியபோது அதன் விலை மட்டுமே ஒன்பதாயிரம் டாலருக்கு மேல். அதை இயக்கும் உயர்திறன் கணினிகளையும் சேர்த்தால் செலவு லட்சம் டாலரைத் தொட்டதால், வாங்கியவர்கள் ஆய்வு நிறுவனங்களும் பெருநிறுவனங்களும்தான். 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து வந்த விர்ச்சுவாலிட்டி இயந்திரங்கள், விளையாட்டுக் கூடங்களில் சில நிமிடங்களுக்கு இவ்வளவு என்று காசு வாங்கின. கோஸ் சொன்ன வாடகை வழியே இது. பொதுமக்களில் பலர் வி.ஆரை முதலில் அனுபவித்தது இந்தக் கூடங்களில்தான், அவர்களில் எவரும் எதையும் வாங்கிவிட்டு வருந்த வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. 200 டாலர் விலையில் வருவதாக சேகா நிறுவனம் 1993இல் அறிவித்த ஹெட்செட் கடைக்கு வரவேயில்லை. நின்டெண்டோவின் விர்ச்சுவல் பாய் 1995இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வெளியானது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு ஒளியை மட்டுமே காட்டிய, தலையில் மாட்டாமல் மேசைமேல் நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டிய, தலையசைவை அறியாத அந்தக் கருவி, ஓராண்டு நிறைவதற்குள் இரு நாடுகளிலும் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் ஏறத்தாழ 180 டாலருக்கு அறிமுகமான அது பின்னர் கழிவு விலைக்குத் தள்ளிவிடப்பட்டது. பொறுத்திருந்து வாங்கியவர் பணத்தை மிச்சப்படுத்தினார் என்பது உண்மை. ஆயினும் மொத்தமே 22 விளையாட்டுகள் வெளியாகி, அவற்றிலும் 14 மட்டுமே அமெரிக்காவை எட்டிய ஒரு கருவியை அவர் எந்த விலைக்கு வாங்கியிருந்தாலும் கிடைத்தது அவ்வளவுதான். விலை விழுவதை மட்டும் பார்த்துக் காத்திருப்பவர், விழும் விலையோடு பொருளின் பயனும் சேர்ந்தே விழுவதைக் கவனிப்பதில்லை.

அதன்பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வீட்டுச் சந்தையில் குறிப்பிடத்தக்க எதுவும் நிகழவில்லை. 2012இல் நிலைமை மாறியதற்குக் காரணம் வி.ஆர். ஆய்வைவிட அலைபேசித் தொழில்தான். கோடிக்கணக்கில் உற்பத்தியான அலைபேசிகளால், நுண்ணிய திரைகளும், சுழற்சியை அளக்கும் சிறு உணரிகளும் முன்பு கற்பனை செய்ய முடியாத விலைக்கு வந்துவிட்டன. கலிபோர்னியாவைச் சேர்ந்த பால்மர் லக்கி என்ற இளைஞர் அவற்றைக் கொண்டு செய்த ஆக்குலஸ் ரிஃப்ட், பொதுமக்களிடமே முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 2012 ஆகஸ்டில் 2,50,000 டாலர் கேட்டு, 24 லட்சம் டாலருக்கு மேல் பெற்றது. 2013இல் அனுப்பப்பட்ட அதன் முதல் கருவி ஒவ்வொரு கண்ணுக்கும் 640க்கு 800 படப்புள்ளிகளே காட்டியது. 2014இல் வந்த இரண்டாவது, சாம்சங் நோட் 3 அலைபேசியின் திரையையே பயன்படுத்தி அதை 960க்கு 1080 ஆக உயர்த்தியது.

இவ்விரண்டும் உருவாக்குநர் பதிப்புகள், அதாவது மென்பொருள் எழுதுவோர் சோதித்துப் பார்ப்பதற்காக விற்கப்பட்டவை என்பதை நிறுவனம் மறைக்கவில்லை. இருந்தும் ஆர்வலர்கள் பலர் வாங்கினார்கள். இதனால் புதுவிதமான காத்திருப்பொன்று உருவானது: கையில் ஒரு கருவி இருந்தபோதே, உண்மையான கருவி இனிமேல்தான் வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தனர். 2014 மார்ச்சில் ஃபேஸ்புக் ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு ஆக்குலஸை வாங்குவதாக அறிவித்தபோது, சிறு நிறுவனம் என்று நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் பலர் வெளிப்படையாகவே கசப்படைந்தார்கள்.

2016 ஜனவரியில் பொதுப் பயன்பாட்டுப் பதிப்பின் முன்பதிவு தொடங்கி, விலை 599 டாலர் என்று தெரிந்தபோது அந்தக் கசப்பு பெருகியது. உருவாக்குநர் பதிப்புகளின் விலையான 300, 350 டாலரை ஒட்டியே இதுவும் இருக்கும் என்று எதிர்பார்க்கும்படி முன்பு பேசப்பட்டிருந்தது. அதை இயக்கப் போதுமான வரைகலை அட்டை, அதாவது காட்சிகளைக் கணக்கிட்டு வரையும் தனிப் பலகை, பொருந்திய கணினியும் வேண்டியிருந்ததால், இரண்டுமே இல்லாதவரின் செலவு 1,500 டாலரை எட்டியது. கிக்ஸ்டார்ட்டரில் முதல் கருவிக்குப் பணம் கட்டியவர்களுக்குப் புதிய கருவியை இலவசமாக அனுப்பிய முடிவு இந்தத் தொழிலில் அரிதாகக் காணப்படும் நேர்மையான செயல் என்றே சொல்ல வேண்டும். முந்தி வாங்கியவர் நட்டப்படாத ஒரே தருணமும் ஏறக்குறைய அதுதான். அடுத்த மாதங்களில் 799 டாலருக்கு எச்.டி.சி. வைவ், 399 டாலருக்கு சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர். ஆகியவை வந்தன.

ரிஃப்டின் கைக்கட்டுப்பாட்டுக் கருவிகள் 2016 டிசம்பரில்தான் 199 டாலருக்குத் தனியாகக் கிடைத்தன. ஆக, முதலாண்டில் இரண்டையும் வாங்கியவர் 798 டாலர் கொடுத்தார்; 2017 கோடையில் அதே இரண்டும் சேர்ந்து 399 டாலருக்கு விற்கப்பட்டன. ஓராண்டைச் சற்றே தாண்டிய காத்திருப்பில் செலவு சரிபாதியானது. காத்திருப்பதை ஆதரிப்போர் இன்றளவும் மனத்தில் கொண்டிருப்பது இந்த நிகழ்வைத்தான், அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் அந்த ஓராண்டில் எல்லோரும் ஒரே அளவில் இழக்கவில்லை. எலைட் டேஞ்சரஸ் போன்ற விண்கல விளையாட்டுகளிலும் கார்ப் பந்தயப் பாவனை மென்பொருள்களிலும் இருக்கையில் அமர்ந்தபடியே ஓட்டுநர் அறையைச் சுற்றிப் பார்க்க விரும்பியவர்களுக்கு, முதல் நாளிலேயே ஹெட்செட் முழுப் பயன் தந்தது. அவர்கள் கூடுதலாகக் கொடுத்த தொகை ஓராண்டுப் பயன்பாட்டுக்கான விலை. மற்றவர்கள், நல்ல விளையாட்டுகள் இனி வரும் என்ற நம்பிக்கையை வாங்கினார்கள். பீட் சேபர் 2018இல்தான் முதன்முதலில் வெளியானது. வால்வ் நிறுவனத்தின் ஹாஃப் லைஃப்: அலிக்ஸ் 2020 மார்ச்சில்தான் வந்தது.

கணினிக்குச் செலவிட முடியாதவர்களுக்கு, அலைபேசியையே திரையாக்கும் கூடுகள் குறுக்குவழியாக முன்வைக்கப்பட்டன. கூகுள் 2014இல் அட்டைப்பெட்டியால் செய்த கார்ட்போர்டை அறிமுகப்படுத்தியது. சாம்சங்கின் 99 டாலர் கியர் வி.ஆரும், கூகுளின் 79 டாலர் டேட்ரீம் வியூவும் தொடர்ந்தன. தலை திரும்புவதை மட்டுமே உணர்ந்து, உடல் முன்னே நகர்வதை உணராத இவை, பலருக்குத் தலைசுற்றலைத் தந்து, வி.ஆர். என்றாலே இவ்வளவுதான் என்ற எண்ணத்தையும் விதைத்தன. டேட்ரீமை கூகுள் 2019இல் நிறுத்தியது. மலிவான நுழைவாயில் என்று சொல்லப்பட்ட இவை பலரை வாயிலிலிருந்தே திருப்பி அனுப்பின.

கணினியும் வடமும் வேண்டாத, தன்னுள்ளேயே செயலியைக் கொண்ட ஆக்குலஸ் குவெஸ்ட் 2019 மே மாதம் 399 டாலருக்கு வந்ததிலிருந்து கணக்கு மாறுகிறது. பதினேழு மாதங்களில், 2020 அக்டோபரில், அதைவிடத் தெளிவான திரையும் வேகமான செயலியும் கொண்ட குவெஸ்ட் 2 அதைவிட நூறு டாலர் குறைவாக, 299 டாலருக்கு விற்கப்பட்டது. காத்திருந்தவர் மீண்டும் வென்றதுபோல் தோன்றினாலும், புதிய கருவியைப் பயன்படுத்த ஃபேஸ்புக் கணக்கு கட்டாயம் என்ற நிபந்தனை விலைச்சீட்டில் எழுதப்படாத ஒரு விலையாக இருந்தது. போட்டிச் சட்ட அதிகாரிகளின் எதிர்ப்பால் ஜெர்மனியில் விற்பனையே நிறுத்தப்பட்டிருந்தது.

இந்த மலிவு உற்பத்தித் திறனால் மட்டும் வந்ததன்று. மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட ஃபேஸ்புக்கின் வி.ஆர். பிரிவு 2022இல் மட்டும் ஏறத்தாழ 1,370 கோடி டாலர் இயக்க நட்டம் காட்டியது. தாய் நிறுவனத்தின் விளம்பர வருமானத்தால் தாங்கப்பட்ட விலை, இயல்பான தொழில்நுட்ப முன்னேற்றத்தால் இறங்கிய விலையைப் போல் தோன்றியது. தாங்குவோர் கையைச் சற்றே தளர்த்தினால் என்னவாகும் என்பது 2022 ஆகஸ்டில் தெரிந்தது. தயாரிப்புச் செலவும் அனுப்பும் செலவும் உயர்ந்துவிட்டன என்று கூறி, வெளியாகி இரண்டாண்டை நெருங்கிய குவெஸ்ட் 2இன் விலையில் மெட்டா 100 டாலரை ஏற்றியது. மின்னணுப் பொருளின் விலை நாளாக நாளாக இறங்கும் என்று நம்பிப் பொறுத்திருந்தவர்கள், பழைய கருவிக்கு அதன் முதல் நாள் விலையைவிட அதிகம் கொடுக்க வேண்டியதாயிற்று.

2023 ஜூனில், ஆப்பிள் தன் விஷன் புரோவைக் காட்டுவதற்குச் சில நாள்களே இருந்தபோது, மெட்டா 499 டாலர் விலையில் குவெஸ்ட் 3ஐ அறிவித்தது; அது கடைக்கு வரவிருந்தது அக்டோபரில். அதே வேளையில் குவெஸ்ட் 2 மீண்டும் 299 டாலருக்கு இறக்கப்பட்டது. ஆஸ்போர்ன் அஞ்சியிருக்க வேண்டிய முன்கூட்டிய அறிவிப்பு இங்கே தெரிந்தே செய்யப்பட்டது: பொறுக்க விரும்புவோர் ஆப்பிளுக்காகப் பொறுக்காமல் தனக்காகப் பொறுக்கட்டும் என்பதும், பொறுக்க முடியாதவர் பழைய சரக்கைக் காலிசெய்யட்டும் என்பதும் அதன் உள்நோக்கமாகத் தெரிகிறது. 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்த விஷன் புரோ, விலை அளவில் வேறொரு வகுப்பினருக்கானதாகவே இருந்தது.

விலையைப் பற்றிய இந்த எச்சரிக்கைகளையெல்லாம்விடக் கனமானது கருவியின் ஆயுள் பற்றியது. முதல் குவெஸ்டுக்குப் புதிய வசதிகள் இனி வராது என்று மெட்டா 2023 ஜனவரியில் தெரிவித்தபோது, அது வெளியாகி நான்காண்டுகூட நிறையவில்லை. இதைவிடக் கடுமையான முடிவு மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது. 2017இல் ஏசர், டெல், ஹெச்.பி., லெனோவோ, சாம்சங் ஆகியவை விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருள் அடித்தளத்தை நம்பி ஹெட்செட்டுகளை விற்றன; 2020இல் ஹெச்.பி. 599 டாலருக்கு வெளியிட்ட ரிவெர்ப் ஜி2, கண்ணுக்கு 2160க்கு 2160 படப்புள்ளி என்ற தெளிவால், விமானப் பாவனை ஆர்வலர்களின் விருப்பக் கருவியானது. அவர்கள் ஆராய்ந்தே வாங்கினார்கள். தங்களுக்கு வேண்டிய மென்பொருள் ஏற்கெனவே இருந்தது, விலையும் நியாயமாக இருந்தது. 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த அடித்தளத்தைக் கைவிடுவதாக அறிவித்து, 2024 இறுதியில் வெளியான விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து அதை அகற்றியது. விண்டோஸைப் புதுப்பித்தவர்களின் ஹெட்செட், கண்ணாடியும் திரையும் கெடாமலிருந்தும், வேலை செய்யவில்லை. பழைய பதிப்பிலேயே நின்றவர்களுக்கு மட்டும் அவகாசம் கிடைத்தது. 2017இல் முந்தியவரையும், 2021இல் நிதானமாக வாங்கியவரையும் இந்த முடிவு ஒரே நாளில் பாதித்தது. ஏழாண்டு பயன்படுத்திவிட்ட முன்னவரைவிடப் பொறுத்திருந்த பின்னவரே அதிகம் இழந்தார். 2025இல் தனிப்பட்ட மென்பொறியாளர் ஒருவர் எழுதிய இயக்கி, அதாவது கருவியையும் கணினியையும் பேசவைக்கும் மென்பொருள், இலவசமாக வெளியாகி இந்த ஹெட்செட்டுகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. ஆனால் அது என்விடியா வரைகலை அட்டை உள்ள கணினிகளுக்காகவே எழுதப்பட்டிருந்ததால், வேறு அட்டை வைத்திருந்தவர்களுக்கு அந்த வழியும் திறக்கவில்லை.