நிதிச் செயலரின் ஆணையுரிமை: 1833ஆம் ஆண்டு அமெரிக்கக் கருவூலப் பூசல்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் ஐக்கிய நாடுகளின் இரண்டாம் பாங்கினை எதிர்த்து நிகழ்த்திய போரைப் பற்றி எழுதுவோர் பலரும், 1832 சூலை 10ஆம் நாள் அவர் விடுத்த தடுப்பாணையையே முதன்மையாகக் கொள்வர். அவ்வுரிமை அரசியலமைப்பு அவருக்கு வெளிப்படையாக வழங்கியது. அதன்கண் ஐயத்திற்கு இடமில்லை. அடுத்த ஆண்டு நிகழ்ந்ததே ஆராய்ச்சிக்குரியது என்பது நம் கருத்து.

1816இல் 20 ஆண்டுக் காலத்திற்குப் பட்டயம் பெற்ற இப்பாங்கின் மூலதனம் 3 கோடியே 50 இலட்சம் டாலர்; அதில் ஐந்திலொரு பங்கு அரசினுடையது. அரசின் வைப்புத்தொகையும் இதன்கண்ணே இருந்தது. நிதிச் செயலர் வேறுவகையாக ஆணையிட்டாலன்றி அத்தொகை இப்பாங்கிலேயே இருத்தல் வேண்டும் என்றும், ஆணையிடின் அதற்குரிய காரணத்தைக் காங்கிரசுக்கு அவர் அறிவித்தல் வேண்டும் என்றும் பட்டயத்தின் 16ஆம் பிரிவு வகுத்தது. குடியரசுத் தலைவரின் பெயர் அப்பிரிவில் இல்லை. பாடபேதம் ஆராய்ந்து பழகிய நமக்கு, ஒரு சொல் இல்லாமையும் பொருளுடைத்து என்பது புதிதன்று.

இவ்வில்லாமை தற்செயலானது என்று கொள்வதற்கில்லை. 1789ஆம் ஆண்டின் கருவூலச் சட்டமே, நிதிச் செயலர் காங்கிரசின் இரு சபைகளுக்கும் அறிக்கை அளித்தல் வேண்டும் எனப் பணித்திருந்தது. அயல்நாட்டுத் துறை, போர்த் துறை ஆகியவற்றின் தலைவர்க்கு அன்று அத்தகைய கடமை விதிக்கப்படவில்லை. பணத்தைக் காப்பவன் மக்கள் மன்றத்திற்கு அருகில் நிற்க வேண்டும் என முதற் காங்கிரசு கருதியது போலும்.

1832 தேர்தலில் ஹென்றி கிளேயை வென்ற ஜாக்சன், வைப்புத்தொகையைப் பாங்கினின்று நீக்கத் துணிந்தார். ஆனால் அத்தொகை அங்கிருத்தலால் இடரில்லை என்று பிரதிநிதிகள் சபை 1833 மார்ச்சில் 109க்கு 46 என்னும் வாக்கு அளவில் தீர்மானித்திருந்தது. நிதிச் செயலர் மக்லேனும் இசையவில்லை. அவர் அயல்நாட்டுத் துறைக்கு மாற்றப்பட்டார். அவரிடத்திற்கு வந்த வில்லியம் டுவேன் பாங்கின் நண்பர் அல்லர், அதனை எதிர்த்தவர். அவரும் மறுத்தார். இங்கு நாம் சற்றே நிற்றல் வேண்டும். பாங்கினிடம் பற்றுக் கொண்ட ஒருவர் மறுத்திருப்பின் அது கட்சிப் பூசலாய் முடிந்திருக்கும். டுவேனின் மறுப்போ, சட்டம் தம்மிடம் ஒப்புவித்த தீர்ப்பைப் பிறர் பொருட்டு வழங்குதல் ஆகாது என்பது. பதவி விலகவும் அவர் இசையாமையால் செப்டம்பர் 23ஆம் நாள் நீக்கப்பட்டார். அடுத்து வந்த ராஜர் டேனி சில நாள்களிலேயே ஆணையிட்டார். அக்டோபர் முதல் அரசின் புதிய வருவாய் மாநிலப் பாங்குகளுக்குச் சென்றது.

நிதிச் செயலர் தமக்குக் கீழ்ப்பட்டவரே. சட்டங்கள் நிறைவேறுதலைக் காக்கும் கடமை தம்முடையதே என ஜாக்சன் வாதிட்டார். அமைச்சரை நீக்கும் உரிமை தலைவருக்கு உண்டென்பதை 1789ஆம் ஆண்டுக் காங்கிரசும் ஏற்றிருந்தது. ஆயினும் நீக்கும் உரிமை வேறு, நீக்கப்படுபவருக்குச் சட்டம் அளித்த தெரிவைத் தாமே மேற்கொள்ளும் உரிமை வேறு. முன்னதிலிருந்து பின்னதை ஜாக்சன் பெற்றுக்கொண்டார் என்பதே நாம் காணும் குறை. பாங்கின் தலைவர் பிடில் கடன்களைச் சுருக்கி நாட்டை நெருக்கியதும் அவர் பக்கத்தை நியாயமாக்காது. ஆனால் மக்கள் சினம் ஜாக்சன்மேல் முழுதும் செல்லாதவாறு அது தடுத்தது.

செனட்டு 1834 மார்ச்சில் ஜாக்சனைக் கண்டித்தது; சூனில் டேனியின் நியமனத்தையும் ஏற்க மறுத்தது. 1837 சனவரியில் அதே அவை தன் கண்டனத்தைப் பதிவேட்டினின்று அடித்து நீக்கியது. அதற்குள் டேனி தலைமை நீதிபதியாகியிருந்தார். இவற்றினும் சிறந்த விடை 1836 சூன் மாத வைப்புநிதிச் சட்டத்தில் உள்ளது. வைப்புத்தொகை ஏற்ற ஒரு பாங்கினைக் குறித்த காரணங்களாலன்றிச் செயலர் நீக்கலாகாது என அது வரையறுத்தது. அதில் கையொப்பமிட்டவர் ஜாக்சனே.