நிணநீர் முனைக்குச் செல்லும் பாதை: புற்றுநோய்ச் சிகிச்சைத் தடுப்பூசியில் நானோதுகளின் பங்கு

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறுவைசிகிச்சைப் பிரிவில் ஸ்டீவன் ரோசன்பெர்க்கும் சகாக்களும் தடுப்பூசி அளித்த 440 புற்றுநோயாளிகளின் முடிவுகள் 2004இல் வெளியாயின. அவர்கள் கையாண்ட தடுப்பூசிகளால் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கிய நேர்வுகள் 2.6 விழுக்காடுதான். இத்தனைக்கும் பல நோயாளிகளின் இரத்தத்தில், புற்றுச்செல்லை அடையாளம் காணும் டி செல்கள் உருவாகியிருந்தன. டி செல்களின் இலக்காகத் தேர்ந்தெடுத்த ஆன்டிஜென்கள் வலுவற்றவை என்பது இத்தோல்விக்குத் தரப்படும் ஒரு விளக்கம். அது பாதி உண்மை என்றே கருதுகிறேன். ஓர் ஆன்டிஜென் எந்த உறுப்பில், எந்த எச்சரிக்கைக் குறியோடு, எவ்வளவு காலம் டி செல்லுக்குக் காட்டப்படுகிறது என்பது மறுபாதி. நானோதுகளால் மாற்ற முடிவது இந்த மறுபாதியைத்தான்.

பழைய முறையின் குறையை 2013இல் ஒரு சுண்டெலி ஆய்வு தெளிவாகக் காட்டியது. தோல் புற்றுநோயான மெலனோமாவுக்கு எதிரான ஜி.பி.100 பெப்டைடை எண்ணெய்க் குழம்பில் கலந்து தோலடியில் செலுத்துவது அன்று பரவலான வழக்கம். எண்ணெய் பெப்டைடை ஊசியிட்ட இடத்திலேயே நெடுநாள் தேக்கிவைத்தது. டி செல்கள் ஏராளமாகப் பெருகின. ஆனால் அவை கட்டியை விட்டுவிட்டு, ஆன்டிஜென் தேங்கிக் கிடந்த ஊசித்தழும்பைத் தேடிப்போய், அங்கேயே சோர்ந்து மடிந்தன. இரத்தத்தில் டி செல்லை எண்ணி வெற்றியை அறிவித்துவிடும் பழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை.

எண்ணெயை நீக்கி வெறும் பெப்டைடைச் செலுத்தினால் வேறொரு சிக்கல் எழுகிறது. மிகச் சிறிய மூலக்கூறு இரத்தத் தந்துகிகளுக்குள் புகுந்து உடலெங்கும் நீர்த்துப்போகும். எச்சரிக்கைக் குறியைத் தரும் ஊக்கி ஒரு செல்லிலும் ஆன்டிஜென் வேறொரு செல்லிலும் சேரும். டி செல்லுக்கு ஆன்டிஜெனைக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல், ஊக்கியின் தூண்டுதல் இல்லாமல் அதை மட்டும் காட்டினால், டி செல் அதைத் தாக்குவதற்குப் பதில் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடும். அப்படியானால் பயனில்லாமல் போவதோடு நில்லாமல், தடுப்பூசி தீங்கும் செய்யக்கூடும்.

துகளின் அளவு முக்கியமாவது இங்கேதான். ஜெஃப்ரி ஹப்பெல் குழு 2007இல் 25 நானோமீட்டர் துகளையும் 100 நானோமீட்டர் துகளையும் சுண்டெலியின் தோலுக்குள் செலுத்தி ஒப்பிட்டது. சிறிய துகள் திசுநீரின் ஓட்டத்தோடு நிணநீர் நாளத்துக்குள் நுழைந்து, நிணநீர் முனையில் இருக்கும் டென்ட்ரைட்டிக் செல்களை நேரே எட்டியது. பெரிய துகளின் திறன் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மூன், அன்னா ஷ்வென்டெமன் ஆகியோர் 2017இல் உருவாக்கிய வட்டில் வடிவத் துகள் சுமார் 10 நானோமீட்டர் அகலமே கொண்டது. உடலின் நல்ல கொழுப்புப் புரதத்தைப் போல அமைந்த அதில் பெப்டைடும் ஊக்கியும் சேர்ந்தே பயணிக்கும். அதே பொருள்களைக் கரைசலாகத் தந்தபோது கிடைத்ததைவிட 47 மடங்கு வரை கூடுதலான கொல்லி டி செல்களை அது சுண்டெலியில் எழுப்பியது.

நானோ மருத்துவத்தில் ஊறிப்போன ஓர் எண்ணத்தை இங்கே எதிர்க்க வேண்டியிருக்கிறது. கீமோதெரபி மருந்தைச் சுமக்கும் துகளுக்குக் கட்டியே இலக்கு; எவ்வளவு மருந்து கட்டியில் சேர்ந்தது என்பதே அதன் அளவுகோல். தடுப்பூசித் துகளையும் அதே கோலால் அளப்பது பிழை. கட்டிக்குப் போக வேண்டியது டி செல். துகள் போக வேண்டியது அந்த டி செல் பயிற்சி பெறும் நிணநீர் முனைக்கோ மண்ணீரலுக்கோ. உகுர் சாஹின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இதை நேர்த்தியாக நிறுவியது. ஆர்.என்.ஏ.வைச் சுமந்த கொழுப்புத் துகளில் நேர்மின்னேற்றம் மிகுந்திருந்தபோது அது நுரையீரலில் தங்கியது. கொழுப்பின் விகிதத்தைக் குறைத்து, மின்னேற்றத்தைச் சற்றே எதிர்மறையாக்கியதும் அது மண்ணீரலைச் சென்றடைந்தது. இலக்கைக் காட்டும் தனி மூலக்கூறு எதையும் ஒட்டத் தேவைப்படவில்லை.

செலுத்தும் வழியும் விளைவை மாற்றுகிறது. ராபர்ட் செடர் குழு 2021இல் ஒரே துகள் தடுப்பூசியைத் தோலடியிலும் சிரை வழியாகவும் தந்து பார்த்தது. தோலடியில் தந்தபோது, உடனே போரிட்டு விரைவில் தீர்ந்துபோகும் வகை டி செல்கள் மேலோங்கின. சிரை வழியில், தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் தண்டுச்செல் ஒத்த டி செல்களின் பங்கு கூடியது. டி செல்லின் மீதான தடையை அகற்றும் தடைநீக்கி எதிர்ப்புரதத்தோடு சேர்ந்தபோது சுண்டெலிகளின் கட்டிகளை இந்த இரண்டாம் வகையே நன்றாகக் கட்டுப்படுத்தியது. ஆன்டிஜெனும் துகளும் மாறவில்லை. வழி மாறியதும் டி செல்லின் தரம் மாறியது. எனவே துகளையும் அது செல்லும் வழியையும் வெறும் போக்குவரத்து என்று சொல்வது போதாது. அவை தடுப்பூசியின் மருந்தியல் பண்பையே தீர்மானிக்கும் கூறுகள்.

மனிதரிடம் கிடைத்துள்ள சான்று நம்பிக்கை தருகிறது. ஆனால் அதை அளவோடு படிக்க வேண்டும். அறுவையில் மெலனோமா அகற்றப்பட்ட 157 பேரிடம் நடந்த ஆய்வில், ஒவ்வொருவரின் கட்டிக்கும் உரிய 34 வரையிலான புதிய ஆன்டிஜென்களைக் குறிக்கும் எம்.ஆர்.என்.ஏ. கொழுப்பு நானோதுகளில் தரப்பட்டது. தடைநீக்கி மருந்தான பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு தடுப்பூசியும் பெற்றவர்களிடம் நோய் திரும்பும் அல்லது இறக்கும் இடர் 44 விழுக்காடு குறைந்தது. 18 மாதங்களில் நோய் திரும்பாதிருந்தோர், தடுப்பூசி பெற்றவர்களில் 79 விழுக்காடு. தடுப்பூசி பெறாதவர்களில் 62 விழுக்காடு. சிறிய ஆய்வு என்பதால் இந்த வேறுபாடு புள்ளியியல் உறுதியின் வழக்கமான எல்லையை ஒட்டியே நிற்கிறது. 2023இல் வெளியான கணையப் புற்றுநோய் ஆய்வில் தடுப்பூசி பெற்ற 16 பேரில் 8 பேருக்கு டி செல்கள் எழுந்தன. அவர்களிடம் நோய் திரும்புவது தள்ளிப்போனது. அவர்களின் எதிர்ப்பாற்றல் இயல்பிலேயே மேலானதோ என்ற ஐயம் எழும். ஆனால் கொரோனா தடுப்பூசிக்கு இரு சாராரும் ஒரேபோல் துலங்கியிருந்தனர். அது அந்த ஐயத்தைக் குறைக்கிறதே தவிர நீக்கவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது.

என் வாதத்துக்கே எதிரான குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இவ்விரு ஆய்வுகளிலும் புதிய ஆன்டிஜென், ஆர்.என்.ஏ., துகள், தடைநீக்கி மருந்து எல்லாம் ஒருங்கே வந்தன. ஒரே ஆன்டிஜெனை வெவ்வேறு துகளில் தந்து ஒப்பிடும் பிரிவு இரண்டிலும் இல்லை. ஆகவே கிடைத்த பயனில் துகளுக்குரிய பங்கை இவற்றிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அதற்கான சான்று இன்றளவும் பெரிதும் சுண்டெலியிடமிருந்தே வருகிறது. சுண்டெலியின் தோலடியிலிருந்து நிணநீர் முனைக்குள்ள தூரம் மனிதருடையதைவிட மிகக் குறைவு. சுண்டெலிக்குப் பொருத்தமான துகளின் அளவு நமக்கும் பொருந்தும் என்று கொள்ள வழியில்லை. அடுத்த தலைமுறை ஆய்வுகளில் ஆன்டிஜெனை மாற்றாமல், துகளின் அளவையோ செலுத்தும் வழியையோ மட்டும் மாற்றும் சிறு பிரிவுகள் இடம்பெற வேண்டும். இரத்தத்தோடு நிற்காமல், நிணநீர் முனையிலிருந்து நுண்ணூசியால் மாதிரி எடுத்து அங்கு எழும் டி செல்லின் வகையையும் பதிவுசெய்ய வேண்டும்.