புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் போறீங்களா? கடலுக்கு அடியில் மூச்சை மட்டும் அடக்கிடாதீங்க!

தண்ணீருக்குள் போனாலே மூச்சை அடக்கணும்னுதான் பலரும் நினைப்போம். ஆனால் ஸ்கூபா டைவிங்கில் முதல் விதியே இதற்கு நேர் எதிர். எந்த நேரத்திலும் மூச்சை அடக்கக் கூடாது. ஏன்?

புதுச்சேரியில் எங்கே?

மூலக்குளத்தில் இருந்து வண்டியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கடற்கரை. அங்கிருந்து படகில் போனால் 'டெம்பிள் ரீஃப்'. கான்கிரீட், பாறை, மரம் எல்லாம் போட்டு 2013-ல் உருவாக்கிய செயற்கைத் திட்டு இது. ஆழம் சுமார் 18 மீட்டர். மீன் கூட்டத்தைப் பார்க்கவே இங்கே பலர் வருகிறார்கள்.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜனா?

இல்லை. பொதுவாக, அழுத்தி அடைத்த சாதாரண காற்றுதான். ஆக்சிஜன் 21%, மீதி பெரும்பாலும் நைட்ரஜன். மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்று தரும் 'அக்வாலங்' கருவியை 1943-ல் பிரான்ஸில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கினார்கள்.

மூச்சை அடக்கினால் என்ன ஆகும்?

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வெளியே விடாவிட்டால் நுரையீரல் கிழியலாம்; உயிருக்கே ஆபத்து. தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கித்தானே இறங்கினார்கள்? அவர்கள் இழுத்தது கரைக் காற்று. அது ஆழத்தில் சுருங்கி, மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும்.

ஏன் மெதுவாக மேலே வரணும்?

ஆழத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரையும். வேகமாக வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழிகள் கிளம்பும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை வரலாம். அதனால் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. ஆழமாகப் போனவர்கள் 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுவிட்டு வருவது வழக்கம்.

புக் பண்ணும் முன் கவனிங்க

* முதல் முறை போகிறவர்களுக்கு அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். 18 மீட்டருக்குப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும்.
* ஆஸ்துமா, வலிப்பு, இதயப் பிரச்னை இருந்தால் மறைக்காதீங்க. டாக்டரிடம் கேட்ட பிறகே முடிவு பண்ணுங்க.
* சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்று இறங்க வேண்டாம். காது அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது.
* ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், பல டைவ் என்றால் 18 மணி நேரமும் விமானம் ஏறாதீங்க.
* வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும். 'இன்னைக்கு வேணாம்'னு பயிற்சியாளர் சொன்னால், வற்புறுத்தாதீங்க.