பாய்லருக்குப் போன வரைபடங்கள்

ப்ளெட்ச்லின்னாலே ட்யூரிங், எனிக்மான்னு ஆரம்பிச்சுடுவாங்க. தப்பில்லை. ஆனா எனக்கு அந்த ஊர்க் கதையில பிடிச்ச ஆள் டாமி ஃப்ளவர்ஸ். கொத்தனார் மகன், தபால் துறையில் டெலிபோன் எஞ்சினியர்.

ஹிட்லரின் தளபதிகள் பேசிக்கொண்டது எனிக்மாவில் அல்ல, அதைவிடச் சிக்கலான லோரன்ஸ் மெஷினில். அதை உடைக்க வால்வுகளை வைத்தே ஒரு இயந்திரம் கட்டலாம் என்றார் ஃப்ளவர்ஸ். ஆயிரத்துச் சொச்சம் வால்வா, தினம் நாலு ஃப்யூஸ் ஆகுமே என்று பெரியவர்கள் உதடு பிதுக்கினார்கள். அணைக்காமல் விட்டால் வால்வு தாங்கும் என்பது டெலிபோன்காரருக்குத் தெரியும்! கைக்காசும் போட்டுக் கட்டினார். 1944 தொடக்கத்தில் கொலோசஸ் ப்ளெட்ச்லியில் ஓடியது. போர் முடியும்போது பத்து.

அப்புறம்தான் கொடுமை. எல்லாத்தையும் அழிச்சுடுன்னு உத்தரவு. வரைபடங்களைத் தன் கையாலேயே பாய்லர் நெருப்பில் போட்டார் மனுஷர். வெகுமதி 1000 பவுண்டு. போட்ட காசுக்கே காணாது. 1970-கள் வரை வாயே திறக்க முடியாது. அதற்குள் முதல் கம்ப்யூட்டர் என்ற பெயரை அமெரிக்காவின் எனியாக் தட்டிக்கொண்டு போய்விட்டது.

இன்று ப்ளெட்ச்லி, 1967-ல் அறிவித்த மில்டன் கீன்ஸ் புதுநகரத்தின் ஒரு பகுதி. ரவுண்டானா, ஷாப்பிங் மால் எல்லாம் உண்டு. 1990-களில் அந்தப் பழைய வளாகத்தையே இடிக்கப் பார்த்தார்கள், நல்லவேளை தப்பியது. அங்கேயே டோனி சேல் குழுவினர், கிடைத்த சில புகைப்படங்களையும் கிழவர்களின் ஞாபகத்தையும் வைத்து கொலோசஸை மறுபடி கட்டினார்கள். 1996-ல் அதற்கு ஸ்விட்ச் போட்டபோது, தொண்ணூறு தாண்டிய ஃப்ளவர்ஸ் பக்கத்தில் இருந்தார்.