சூரியகாந்தி ரகங்கள்: விதையும் விளைச்சலும் சத்தும் - ஒரு வரலாற்றுப் பார்வை



சிராங்கூன் சாலையின் மளிகைக்கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் எண்ணெய்ப் போத்தல்களுள் நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய் ஆகிய மூன்றையும் நம் பாட்டிமார் நன்கறிவர். தேக்கா வட்டாரத்தில் முற்காலத்தில் கோதுமை அரைக்கும் கொட்டகைகளோடு நல்லெண்ணெய் பிழியும் பட்டறைகளும் இருந்தன என்பதை உள்ளூர் வரலாறு படித்தோர் அறிவர். அவற்றின் அருகில் மஞ்சள் மலர்ப் படத்துடன் நிற்கும் சூரியகாந்தி எண்ணெயோ நம் சமையலறைக்குப் பிற்காலத்தில் வந்த விருந்தாளி.

"பிள்ளைகளுக்கு எந்த எண்ணெய் நல்லது, ஆசிரியை?" என்று பெற்றோர் அவ்வப்போது வினவுவதுண்டு. சூரியகாந்தியைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடையளிக்க இயலாது. ஏனெனில் சூரியகாந்தி என்பது ஒரே பொருளன்று. ரகத்துக்கு ரகம் விளைச்சல் மாறும். விதையிலுள்ள எண்ணெயின் அளவு மாறும். அவ்வெண்ணெயிலுள்ள கொழுப்பின் தன்மையே மாறும். இந்த வேறுபாடுகள் எவ்வாறு உண்டாயின என்பதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. அதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

முதலில் மாணவர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வியைத் தீர்த்துவிடுவோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் சூரியகாந்தி உண்டா? இல்லை, இருக்கவும் முடியாது. சங்கப் பாடல்களில் ஞாயிற்றை நோக்கித் திரும்பும் மலராகப் புலவர்கள் காட்டுவது நெருஞ்சியைத்தான். சூரியகாந்தி வட அமெரிக்காவின் செடி. அங்குள்ள பழங்குடி மக்கள் 4,000 ஆண்டுகளுக்கும் முன்பே அதைப் பயிராக்கினர். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். அங்கு நெடுங்காலம் அது தோட்டத்து அழகுச்செடியாகவே இருந்தது. (முதிர்ந்த சூரியகாந்திப் பூ ஞாயிற்றின் பின்னே சுற்றுவதில்லை, கிழக்கு நோக்கியே நின்றுவிடும். இளஞ்செடிதான் திரும்பும். இதையும் மாணவர்க்குச் சொல்லலாம்.)

அதனை எண்ணெய்ப் பயிராக மாற்றிய பெருமை ரஷ்யாவுக்கு உரியது. குறிப்பாக ஒருவரைச் சொல்லவேண்டும்: வசீலி பூஸ்தவோயித் (1886-1972). கிராஸ்னதார் நகரில் 1912 முதல் அவர் சூரியகாந்தியை ஆராய்ந்தார். அவர் தொடங்கியபோது விதையில் எண்ணெய் ஏறத்தாழ 30 விழுக்காடு. அவருடைய பணியின் இறுதிக்காலத்தில் அது 50 விழுக்காட்டை எட்டியது. இது எப்படி இயன்றது? பருப்பில் எண்ணெய் கூடியது உண்மையே. ஆயினும் இதில் பெரும்பங்கு விதையின் மேலோட்டுக்கு உரியது. பழைய வகைகளில் விதையின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வெறும் ஓடே இருந்தது. தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து விதைத்ததால் அந்த ஓடு மெலிந்து கால் பங்காயிற்று. ஓடு மெலிந்த அளவுக்குப் பருப்பு பெருத்தது. எண்ணெயின் விழுக்காடும் ஏறியது. எண்ணெய் விதை சிறிதாகவும் கறுப்பாகவும் இருப்பதற்கும், சீனப் புத்தாண்டின்போது கொறிக்கும் கோடு போட்ட பெரிய விதை தடித்த ஓட்டுடன் இருப்பதற்கும் காரணம் இதுவே. கொறிக்கும் விதையின் நோக்கம் எண்ணெயன்று. எளிதில் உரிபடும் ஓடும் பெரிய பருப்பும்தான். அதில் எண்ணெய் 30 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும்.

ஓடு நீக்கிய 100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 21 கிராம் புரதமும் 51 கிராம் கொழுப்பும் உள்ளன. வைட்டமின் ஈ 35 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. இதில் நிலக்கடலை அருகில் வர முடியாது. புரதத்திலோ நிலக்கடலைக்கே (சுமார் 26 கிராம்) முதலிடம். சுண்ணாம்புச் சத்தில் எள்ளுக்கு நிகரில்லை: தோல் நீக்காத எள்ளில் 975 மில்லிகிராம், சூரியகாந்தியில் 80-க்கும் குறைவு. ஆகவே பிள்ளைகளுக்கு எள்ளுருண்டை கொடுத்து வளர்த்த தாய்மார் ஒன்றும் அறியாதவர் அல்லர்! எண்ணெயாகப் பிழிந்தபின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பிண்ணாக்கோடு போய்விடும். மாட்டுக்குத்தான் அவை பயன்படும். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி என்பதும் நினைவிருக்கட்டும். "இலேசான எண்ணெய்" என்று விளம்பரம் சொல்வது நிறத்தையும் மணத்தையும் பற்றியதே.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1960-களின் இறுதியில் அங்கு சமையல் எண்ணெய்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1969-இல் சோவியத் நாட்டிலிருந்து நான்கு ரகங்கள் தருவிக்கப்பட்டன. அவற்றுள் பூஸ்தவோயித் உருவாக்கிய புகழ்பெற்ற பெரெதோவிக் ரகமும் ஒன்று. இந்தியப் பதிவேட்டில் அதற்கு இ.சி. 68414 என்று பெயர். நெட்டையான செடி, 100 முதல் 110 நாளில் முதிரும், மானாவாரியில் எக்டருக்கு 800 முதல் 1,000 கிலோ விதை, எண்ணெய் 40-42 விழுக்காடு. கனடாவிலிருந்து வந்த மார்டன் ரகம் இதற்கு நேர்மாறு. இடுப்பளவே வளரும் குட்டை. 80 நாளில் அறுவடை. விளைச்சல் 600 முதல் 800 கிலோ. எண்ணெயும் சற்றுக் குறைவு. அப்படியிருந்தும் உழவர் மார்டனை நெடுங்காலம் கைவிடவில்லை. மழை ஏமாற்றும் கரிசல் நிலத்தில் இருபது முப்பது நாள் முன்னதாக முதிர்வது என்பது சிறிய செய்தியன்று. விளைச்சல் அட்டவணையை மட்டும் பார்ப்பவர்க்கு இது விளங்காது.

இந்த ரகங்களில் ஒரு பெருங்குறை இருந்தது. பூவின் நடுப்பகுதியில் விதைகள் பருப்பின்றிப் பதராகிவிடும். ஒரு சூரியகாந்திப் பூ என்பது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் தொகுப்பு. பழைய ரகங்களில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் சரிவரக் கருவூட்டாது. தேனீ வேண்டும். தேனீ இல்லையேல் மனிதக் கை வேண்டும். ஆகவே காலை வேளையில் மெல்லிய துணியால் ஒவ்வொரு பூவையும் ஒற்றி எடுக்குமாறும், பக்கத்துப் பூக்களை முகத்தோடு முகம் மெல்லத் தேய்க்குமாறும் உழவர்க்கு அறிவுறுத்தப்பட்டது. பூக்கும் நாள்களில் இதைப் பலமுறை செய்யவேண்டும். பச்சைக்கிளிகளை விரட்டும் வேலை வேறு! அறிவியல் பாடத்தில் மகரந்தச் சேர்க்கை கற்பிக்கும்போது பட்டாம்பூச்சிப் படத்தையே காட்டுகிறோம். துணி கொண்டு ஒற்றும் உழவரையும் காட்டலாமே.

இதற்குத் தீர்வாக வந்தது வீரிய ஒட்டு ரகம். 1960-களின் இறுதியில் பிரான்ஸ் நாட்டு லெக்ளெர்க் என்பவர் ஆண்மலட்டுத் தன்மையுள்ள சூரியகாந்தியைக் கண்டறிந்தார். அதன் பயனாக இரு வேறு தாய்தந்தை வரிசைகளைப் பெருமளவில் கலப்புச் செய்ய வழி பிறந்தது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் 1980-இல் பி.எஸ்.எச்.1 என்னும் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சூரியகாந்தியை வெளியிட்டது. 85-90 நாள், எக்டருக்கு 1,000 முதல் 1,500 கிலோ, எண்ணெய் 41 விழுக்காடு. 1992-இல் வந்த கே.பி.எஸ்.எச்.1 எண்ணெயை 43 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் "கோ" என்னும் முன்னெழுத்துடன் தன் ரகங்களை வெளியிட்டது.

ஐந்தாம் வகுப்பு விழுக்காட்டுக் கணக்காக இதைச் செய்து பார்க்கலாம். பெரெதோவிக் 900 கிலோ விளைந்து 41 விழுக்காடு எண்ணெய் தந்தால் எக்டருக்கு 369 கிலோ எண்ணெய். பி.எஸ்.எச்.1 அதே 41 விழுக்காட்டில் 1,250 கிலோ விளைந்தால் 512 கிலோ. எண்ணெய் விழுக்காடு மாறாதபோதும் விதை விளைச்சல் கூடியதாலேயே இத்தனை வேறுபாடு. நம் அண்டை நாடுகளின் செம்பனையோ எக்டருக்கு ஆண்டுதோறும் மூன்றரை டன்னுக்கும் மேல் எண்ணெய் தருகிறது. கடையில் செம்பனை எண்ணெய் ஏன் மலிவு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் ஒட்டு ரகத்துக்கு ஒரு விலை உண்டு. பெரெதோவிக், மார்டன் போன்றவற்றின் விதையை உழவர் எடுத்துவைத்து மறுபருவம் விதைக்கலாம். ஒட்டு ரகத்தின் விதையை அவ்வாறு விதைத்தால் அடுத்த தலைமுறை சிதறிப்போகும்; ஆண்டுதோறும் புதிய விதை வாங்கியாக வேண்டும். விளைச்சல் கூடியது என்று எழுதும் கட்டுரைகள் பலவும் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. என் பார்வையில் இது ஒரு வரிச் செய்தியன்று. விதைக்குதிர் காலியான உழவர் விலை வீழ்ந்தபோது தாங்க முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1986-இல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியபின் சூரியகாந்தி வேகமாகப் பரவியது. 1993-94-இல் பரப்பு சுமார் 26.7 இலட்சம் எக்டர், உற்பத்தி 13.5 இலட்சம் டன். வகுத்துப் பாருங்கள்: எக்டருக்கு 500 கிலோவை ஒட்டியே வருகிறது. ஆய்வு நிலையத்து 1,250 கிலோ எங்கே, உழவர் வயலின் 500 கிலோ எங்கே! நீரில்லாத நிலம், உரமில்லாத பயிர், பதராகும் விதை என்று காரணங்கள் பல. 1994 முதல் எண்ணெய் இறக்குமதி தளர்த்தப்பட்டது. 1998-இல் சுங்கவரி 15 விழுக்காட்டுக்கு இறங்கியது. மலிவான செம்பனை எண்ணெய் கப்பல் கப்பலாக வந்திறங்கியது. 1997-இல் கர்நாடகத்தின் பாகேபள்ளிப் பகுதியில் தோன்றிய கருகல் நோய் வேறு. பார்த்தீனியக் களைச்செடியின் மகரந்தத்தில் நச்சுயிரி தங்கும். இலைப்பேன்கள் அதைப் பயிருக்குக் கடத்தும். 2020-21-இல் இந்தியாவின் சூரியகாந்திப் பரப்பு சுமார் 2.3 இலட்சம் எக்டராகச் சுருங்கியிருந்தது. விந்தை என்னவென்றால், எஞ்சிய நிலத்தில் விளைச்சல் எக்டருக்கு 1,000 கிலோவை எட்டியிருந்தது. ரகம் வென்றது, பயிர் தோற்றது.

அதனால்தான் 2022 பிப்ரவரியில் உக்ரேனில் போர் மூண்டவுடன் இந்தியச் சமையலறைகள் அதிர்ந்தன. சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதியில் அப்போது உலகின் முதலிடம் உக்ரேனுக்கு இருந்தது. அடுத்து ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா செம்பனை எண்ணெய் ஏற்றுமதிக்கு விதித்த தடையும் சேர்ந்து, சில வாரங்கள் சிங்கப்பூரிலும் விலையேற்றம் பேசுபொருளாயிற்று.

கொழுப்பின் தன்மை பற்றிச் சொல்ல வேண்டியது எஞ்சியுள்ளது. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலமே மிகுதி. 60 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கும். உடல் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத இன்றியமையாத கொழுப்பு அது. ஆயினும் மீண்டும் மீண்டும் சூடாக்கும்போது விரைவில் கெடுவதும் அதுவே. வெயில் இதில் விளையாடுகிறது: விதை முதிரும் காலத்தில் வெப்பம் மிகுந்தால் லினோலெயிக் குறைந்து ஒலெயிக் அமிலம் கூடும். ஆகவே கிராஸ்னதாரில் விளைந்த விதையும் ஈரோட்டுக் கோடையில் விளைந்த அதே ரகத்து விதையும் ஒரே எண்ணெயைத் தருவதில்லை. 1976-இல் சோவியத் ஆய்வாளர் சல்தாத்தவ் வேதிப்பொருள் கொண்டு விதையில் மாற்றத்தை உண்டாக்கி, பெர்வெனெட்ஸ் என்னும் ரகத்தை அறிவித்தார். "தலைமகன்" என்பது அச்சொல்லின் பொருள். அதன் வழிவந்த ரகங்களின் எண்ணெயில் ஒலெயிக் 80 விழுக்காட்டுக்கு மேல். பொரிப்பதற்கு இதுவே ஏற்றது.

இரண்டு போத்தலிலும் ஒரே மஞ்சள் மலர்ப் படம்தான் இருக்கும். பின்புறச் சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு 20, 30 கிராம் என்றிருந்தால் அது பெரெதோவிக் வழிவந்த வழக்கமான வகை. 80 கிராமை ஒட்டியிருந்தால், பெரும்பாலும் அந்தத் தலைமகனின் வாரிசு.