தாய்ச் சுவரும் அதன் துண்டுகளும்

வரைபடத்தில் ஹூவர் அணை ஒரே சுவர். மலையிலிருந்து மலைக்கு வளைந்து நிற்கிறது. உயரம் 221 மீட்டர், அடித்தடிமன் 200 மீட்டர்; எங்கும் ஓர் ஒட்டுக்கோடு கிடையாது. கட்டியவர்களுக்கோ அப்படி ஒரு சுவர் இருக்கவே இல்லை. 1933 ஜூன் 6 அன்று கொலராடோ ஆற்றுப் படுகையில் முதல் வாளிக் கான்கிரீட்டைக் கொட்டியபோது, பக்கம்பக்கமாக நிற்கும் தனித்தனித் தூண்களைத்தான் அவர்கள் எழுப்பத் தொடங்கினார்கள். தண்ணீர் மோதும் பக்கத்தில் ஒவ்வொரு தூணும் ஏறத்தாழ 18 மீட்டர் சதுரம். மறுபக்கம் போகப் போகச் சிறுத்து 7.6 மீட்டரில் முடிந்தது. ஒரு தூணில் ஒரு தடவைக்கு 1.5 மீட்டர் உயரத்துக்கு மேல் போடக் கூடாது. 72 மணி நேரம் கழித்துத்தான் அதன் தலையில் அடுத்த அடுக்கு.

காரணம் சூடு. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது உள்ளுக்குள் வெப்பம் பிறக்கும். அந்த அணையை ஒரே மூச்சில் ஊற்றியிருந்தால் அது ஆறுவதற்கு 125 ஆண்டு பிடித்திருக்கும், ஆறும்போது சுருங்கி வெடித்தும் இருக்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு. எனவே தூண்களுக்குள் 900 கிலோமீட்டருக்கு மேல் மெல்லிய இரும்புக் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓட்டினார்கள். தூண்கள் ஆறிச் சுருங்கியபின் நடுவில் விட்ட இடைவெளிகளில் சிமென்ட் கூழைச் செலுத்தி ஒட்டினார்கள். 1935 மே 29 அன்று கடைசிக் கான்கிரீட் விழுந்தது. வரைபடத்தில் இருந்த ஒற்றைச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

கட்டடத்தை வரைபவர் முழுமையாகப் பார்க்கிறார், கட்டுபவர் துண்டுகளாகப் பார்க்கிறார். ஒரு நாளில் எவ்வளவு கான்கிரீட் போட முடியும், கிரேன் எத்தனை டன் தூக்கும், லாரியில் எவ்வளவு நீளம் ஏறும் என்பதெல்லாம் கட்டுபவரின் கேள்விகள். அவற்றுக்கான விடைதான் எங்கே வெட்டுவது என்பதைத் தீர்மானிக்கிறது. நெடுங்காலமாக இந்த இரண்டு பார்வைக்கும் இரண்டு கட்டு வரைபடங்கள் இருந்தன. கட்டடக் கலைஞரின் தாளில் ஒரு சன்னல் நகர்ந்தால், ஒப்பந்ததாரரின் தாளில் யாராவது உட்கார்ந்து அதைக் கையால் நகர்த்த வேண்டும். மறந்தால் தவறு சுவரில் ஏறும்.

எங்கே வெட்டுவது என்ற கேள்வியே வடிவத்தை முடிவுசெய்த கட்டடம் ஒன்று உண்டு. சிட்னி ஆப்பரா ஹவுஸ். 1957இல் போட்டியில் வென்ற யோர்ன் உட்சோன் கூரையைப் பாய்மரங்கள்போல வரைந்திருந்தார். அந்த வளைவுகளுக்குக் கணித வரையறை இல்லை. வளைவு இடத்துக்கு இடம் மாறினால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி அச்சு செய்தாக வேண்டும், அது கட்டுப்படியாகாது. ஓவ் ஆரப் நிறுவனத்துப் பொறியாளர்கள் பரவளையம், நீள்வட்டம் என்று ஆண்டுக்கணக்கில் முயன்றார்கள். 1961இல் விடை கிடைத்தது: எல்லாப் பாய்களையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டி எடுப்பது. ஒரே சாத்துக்குடியின் தோலிலிருந்து எத்தனை துண்டு சீவினாலும் வளைவு மாறாது அல்லவா, அதேபோல. வளைவு ஒன்றாகிவிட்டதால் ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. 2,194 கான்கிரீட் துண்டுகள் முன்கூட்டியே வார்க்கப்பட்டன. அவற்றில் சில 15 டன் எடை. 350 கிலோமீட்டர் எஃகு வடத்தை இழுத்து முறுக்கேற்றி அவற்றைக் கோத்தார்கள். சுவீடனிலிருந்து வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான் ஓடுகளையும் உச்சியில் தொங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக ஒட்டவில்லை. தரையிலேயே பலகை பலகையாகச் சேர்த்துத் தூக்கிப் பொருத்தினார்கள்.

அந்தக் கணக்குகளுக்கு ஆரப் நிறுவனம் கணினியைப் பயன்படுத்தியது. ஆனால் அந்தக் கணினிக்குக் கட்டடம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்.

கட்டடத்தையே கணினிக்குத் தெரியவைக்கலாம் என்ற எண்ணத்தை 1970களின் நடுவில் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் முன்வைத்தார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், தாளில் கோடுகளுக்குப் பதிலாகக் கட்டடத்தின் உறுப்புகளையே கணினியில் அடுக்கி, அந்த ஒரே விவரணையிலிருந்து தரைப்படம், வெட்டுப்படம், பொருள் கணக்கு எல்லாவற்றையும் எடுக்கலாம் என்றார். ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் படத்திலும் மாறும். அன்றைய கணினிகளின் விலைக்கு அது எட்டாத கனவு. 1982இல் வந்த ஆட்டோகேட் வேறு வழியில் போனது. சாதாரண மேசைக் கணினியில் ஓடிய அது வரைபலகையை வென்றது. ஆனால் அதிலும் சுவர் என்பது இரண்டு இணைகோடுகள்தான். சுவரைச் சுவராகவே கையாளும் மென்பொருளை ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் நிறுவனம் ஆர்ச்சிகேட் என்ற பெயரில் வளர்த்தது.

1997இல் லியோனிட் ரைஸ், இர்வின் ஜங்ரைஸ் இருவரும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். இருவரும் இயந்திர வடிவமைப்பு மென்பொருளான புரோ/எஞ்சினியரை உருவாக்கிய நிறுவனத்திலிருந்து வந்தவர்கள். ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா உறுப்பும் தானே மாறிக்கொள்வது அந்த மென்பொருளின் பலம். அதைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2000 ஏப்ரலில் அவர்களின் மென்பொருளான ரெவிட்டின் முதல் பதிப்பு வெளியானது. 2002இல் ஆட்டோகேட்டின் நிறுவனமான ஆட்டோடெஸ்க் அவர்களின் நிறுவனத்தை 13.3 கோடி டாலருக்கு வாங்கியது.

ரெவிட்டில் சுவர் என்பது பல அடுக்குள்ள ஒரே பொருள். வெளியே செங்கல், நடுவில் காப்புப் பஞ்சு, உள்ளே ஜிப்சம் பலகை என்று எல்லாமே அந்தச் சுவர் வகையின் வரையறைக்குள் அடங்கிவிடும். இழுத்தால் மொத்தமும் நகரும். வடிவமைப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் அந்தக் கணினி மாதிரி ஒப்பந்ததாரரின் கைக்குப் போனதும் சிக்கல் தொடங்கியது. அவருடைய கட்டுமான இடத்தில் செங்கல் கட்டுபவர் ஒருவர், பலகை அடிப்பவர் வேறொருவர், அவர்கள் வேலை செய்யும் வாரமும் வேறு. நூறு மீட்டர் நீளக் கான்கிரீட் தளத்தை ஒரே நாளில் யாரும் போடுவதில்லை. மாதிரியிலோ அது ஒரே துண்டு.

வெட்டும் கருவி ரெவிட்டில் ஏற்கெனவே உண்டு. அதைக் கொண்டு ஒரு சுவரைக் குறுக்கே வெட்டினால் இரண்டு சுவர் கிடைக்கும். ஆனால் அந்தக் கணத்திலிருந்து அவை ஒன்றுக்கொன்று அந்நியம். ஒன்றின் வகையை மாற்றினால் மற்றதற்குத் தெரியாது. தளங்களை அந்தக் கருவி தொடவே தொடாது. ஒவ்வொரு பகுதியையும் தனித் தளமாக எல்லைக்கோடு போட்டு மறுபடி வரைய வேண்டும். சிலர் சுவரின் ஒவ்வோர் அடுக்கையும் தனிச் சுவராக வரைந்து ஒட்டவைத்தார்கள். பலர் கட்டடம் முழுவதையும் கட்டுமானத்துக்கென்று இரண்டாம் முறை உருவாக்கினார்கள். ஆக, இரண்டு கட்டுத் தாள்கள் இருந்த இடத்தில் இரண்டு மாதிரிகள் வந்தன. ஈஸ்ட்மன் ஒழிக்க நினைத்த அதே இரட்டை வேலை.

இதற்கிடையே எதிர்த்திசையிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். ஃபின்லாந்தின் டெக்லா, 1990களில் எஃகுச் சட்டகங்களுக்காகத் தொடங்கிய மென்பொருளில், உறுப்பைப் பட்டறைக்குப் போகும் துண்டாகவே பார்த்தது: துளை, போல்ட், பற்றவைப்பு, துண்டு எண் எல்லாம் அதில் உண்டு. பட்டறைக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். கட்டடக் கலைஞர்கள் அதன் பக்கம் அதிகம் போகவில்லை.

2011ஆம் ஆண்டின் முன்பகுதியில் வெளிவந்த ரெவிட் 2012 பதிப்பில் பகுதிகள் என்ற வசதி சேர்ந்தது. பெயர் எளிமையானது, உள்ளே இருக்கும் யோசனை அழகானது. ஒரு சுவரைத் தேர்ந்து பகுதிகளாக்கச் சொன்னால் அதன் ஒவ்வோர் அடுக்கும் ஒரு தனிப் பகுதியாகப் பிரியும். அந்தப் பகுதிகளை மாடி மட்டங்களாலோ, தூண்களின் அச்சுக்கோடுகளாலோ, கையால் வரைந்த கோட்டாலோ மேலும் வெட்டலாம், திரும்பச் சேர்க்கலாம், வேண்டாததை ஒதுக்கலாம். தாய்ச் சுவர் மட்டும் அழிவதில்லை. அது அடியில் அப்படியே இருக்கிறது. பார்வையில் தாயைக் காட்டு, பகுதிகளைக் காட்டு, இரண்டையும் காட்டு என்று மூன்று தெரிவு உண்டு. கட்டடக் கலைஞரின் தாளில் முழுச் சுவரும் ஒப்பந்ததாரரின் தாளில் துண்டுகளும் ஒரே கோப்பிலிருந்து வரும். சுவரில் கதவு ஒன்றைப் புகுத்தினால் துண்டுகளிலும் திறப்பு விழும். சுவர் நீண்டால் துண்டுகளும் நீளும். சுவரை அழித்தால் துண்டுகளும் போய்விடும்.

பழைய வெட்டும் கருவிக்கு இல்லாதது இந்த உறவுதான். துண்டு தன் தாயை நினைவில் வைத்திருக்கிறது. பொருள் என்ன, எந்தக் கட்டத்தில் கட்டப்படுவது என்பதையெல்லாம் முதலில் தாயிடமிருந்தே பெறுகிறது; விரும்பினால் அந்தப் பிணைப்பைத் தளர்த்தி, ஒரே தளத்தின் கிழக்குப் பாதியை ஒரு கட்டத்திலும் மேற்குப் பாதியை அடுத்த கட்டத்திலும் வைக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் கன அளவு தனியே கிடைப்பதால் அன்றைக்கு எத்தனை லோடு கான்கிரீட் வேண்டும் என்று கேட்கலாம். ஹூவர் அணையில் தூண் தூணாகப் போட வேண்டியிருந்த கணக்கு இங்கே சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

வெட்டும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கும் இதில் ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். வேறொரு கோப்பிலிருந்து இணைத்த மாதிரியின் உறுப்புகளையும் பகுதிகளாக்கலாம். கட்டடக் கலைஞரின் கோப்பு அவரிடமே இருக்கும். ஒப்பந்ததாரர் அதைத் தன் கோப்பில் இணைத்துத் தன் கத்தியை ஓட்டுவார். கலைஞர் திருத்திய கோப்பை அனுப்பினால், இணைப்பைப் புதுப்பித்ததும் துண்டுகள் அதற்கேற்ப மாறும்.

கட்டுமான இடத்தில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடமும் அதுவே. மாதிரியில் இருபது துண்டுகளாக வெட்டப்பட்ட ஒரு தளத்தில் ஏழு துண்டுக்குக் கான்கிரீட் போட்டு முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் நாள் புதிய கோப்பு வருகிறது. படிக்கட்டுத் திறப்பு அரை மீட்டர் தள்ளிப்போயிருக்கிறது. திரையில் இருபது துண்டும் தாய்க்குக் கீழ்ப்படிந்து ஒரே நொடியில் மாறிவிடுகின்றன. அவற்றில் ஏழு ஏற்கெனவே இறுகிவிட்டன என்பது துண்டுகளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர் யாராவது அந்த நேரத்தில் திரையின் முன்னால் இருந்தாக வேண்டும்.