ஆங் மோ கியோவில் குடும்ப வரலாறு: ஊர், பங்கு, பெயர்

ஓர் ஊரின் வரலாறும் அவ்வூர்க் குடும்பங்களின் வரலாறும் பிரிக்கவியலாதவை என்பது உள்ளூர் வரலாற்றாய்வின் அடிப்படைக் கருத்தாகும். இக்கருத்து வேரூன்றி வளர்ந்த களங்களுள் தலையாயவை இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பங்குகள். பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் ஆளுகைக்குட்பட்ட நிலப்பரப்பு. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் பிறப்பித்த ஆணையால் ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், நல்லடக்கம் ஆகிய மூன்றும் ஏட்டில் பதியப்படலாயின. இவ்வாறு சேர்ந்த ஏடுகளுள் 404 பங்குகளுக்குரியவற்றை அடிப்படையாகக் கொண்டே ரிக்லி, ஸ்கோஃபீல்டு ஆகிய இருவரும் இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றை 1981இல் நூலாக்கினர்.

எனினும் ஏடு மட்டுமே வரலாறு ஆகிவிடாது. ஷ்ரோப்ஷயர் பகுதியிலுள்ள மிடில் என்னும் சிறு பங்கின் வரலாற்றை ரிச்சர்டு கஃப் என்னும் முதியவர் 1701ஆம் ஆண்டையொட்டி எழுதினார். அவர் கையாண்ட முறை தனித்தன்மை வாய்ந்தது. தேவாலய இருக்கைகளின் வரைபடத்தை முன்வைத்து, ஒவ்வோர் இருக்கைக்கும் உரிய குடும்பத்தின் கதையை வரிசையாகச் சொல்லிச் சென்றார். அவ்விருக்கைகள் வீட்டோடும் நிலத்தோடும் ஒட்டியவை. ஆகவே இருக்கையைத் தொட்டால் நிலம் வரும், நிலத்தைத் தொட்டால் குடும்பம் வரும். நல்லாரை மட்டுமன்றிக் குடித்துக் கெட்டவரையும் திருடி அகப்பட்டவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. (நம் குடும்ப மலர்களை எழுதுவோர் இதனைச் சற்றே கருதலாம்.)

இம்முறையைச் சிங்கப்பூரின் ஆங் மோ கியோவுக்குப் பொருத்திப் பார்க்க இயலுமா? அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கஃபின் இருக்கையை ஒத்தது எது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஆங் மோ கியோவின் நில வரலாற்றை வரைவது அத்துணைக் கடினமன்று. பழைய ஆவணங்களில் அமோக்கியா எனவும் வழங்கிய இப்பகுதி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரப்பர்த் தோட்டங்களையும் பின்னர்க் காய்கறிப் பண்ணைகளையும் சிற்றூர்களையும் கொண்டிருந்தது. ஹொக்கியன் மொழியில் 'ஆங் மோ' என்பது செம்முடியர், அதாவது ஐரோப்பியர், 'கியோ' பாலம். 1841 முதல் 1853 வரை அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் கட்டிய பாலமே பெயர்க்காரணம் என்பர் ஒரு சாரார். அதே ஒலி ஹொக்கியனில் தக்காளியையும் குறிக்கும் என்பதால் தக்காளி விளைந்த இடம் என்பாரும் உளர். இரண்டும் மக்கள் வழக்குகளே. சான்று காட்டி நிறுவப்பட்டவையல்ல. இன்று எழுதப்படும் சீன எழுத்துகளோ 'செழித்த பெரும்பாலம்' என்னும் மங்கலப் பொருள் தருவன.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1973இல் இங்குப் புதிய நகரை அமைக்கத் தொடங்கியதோடு அந்நிலத்தின் பழைய தொடர்ச்சி அறுபட்டது. சிற்றூர் மக்கள் பெயர்ந்தனர்; அடுக்குமாடிகளில் தீவின் பல திசைகளிலிருந்தும் வந்தோர் குடியேறினர். இந்நகரின் தமிழ்க் குடும்பங்கள் அந்நிலத்தில் முளைத்தவையல்ல. வேறிடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. 1989இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, இந்தியரும் பிற சிறுபான்மையினரும் ஒரு புளோக்கில் 13 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. 2010இல் அவ்வரம்பு 15 ஆயிற்று. இன நல்லிணக்கத்திற்கு இக்கொள்கை ஆற்றிய பணி வேறு. வரலாற்றாய்வாளருக்கு அது விளைவித்த நிலை வேறு. தமிழ்க் குடும்பங்கள் ஒரு தெருவாகவோ சேரியாகவோ திரளாமல், மாடிக்கு ஒன்றும் இரண்டுமாகப் பரவி வாழலாயின. கதவு எண்ணை வரிசையாகத் தொட்டுச் சென்றால் கஃபுக்குக் கிடைத்த சமூகம் நமக்குக் கிட்டாது.

ஆகவே இருக்கையை நிலத்தில் தேடாமல், ஒவ்வொரு குடும்பமும் முன்னர்ச் சார்ந்திருந்த நிறுவனங்களில் தேட வேண்டும் என்பது நம் கருத்து. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஓஃபியர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயமாகும். அதற்குமுன் குவீன் ஸ்திரீட்டில் உள்ள பேதுரு பவுல் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கரும் தமிழ்க் கத்தோலிக்கரும் சேர்ந்தே வழிபட்டனர். மெனூவ்ரியே அடிகளாரின் முயற்சியால் தமிழருக்கெனத் தனிக்கோயிலுக்கு 1886 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1888இல் பணி நிறைவுற்றது. இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மிடில் நில எல்லையால் ஆன பங்கு. லூர்து அன்னை ஆலயமோ நெடுங்காலம் மொழியால் ஆன பங்கு. தீவில் எங்கு வாழ்ந்தாலும் தமிழ்க் கத்தோலிக்கர் அக்கோயிலையே நாடினர். 1563இல் திரிதெந்து சங்கம் விதித்த நெறிப்படி, கத்தோலிக்கத் திருமுழுக்கு ஏடு ஞானப்பெற்றோரையும் திருமண ஏடு சாட்சிகளையும் பெயர் குறித்துக் காட்டும். யார் யாருக்கு உறவு என்பதோடு, யார் யாரை நம்பினர் என்பதையும் அவ்வேடுகள்வழி அறியலாம். ஆங் மோ கியோவில் வாழும் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தின் இருக்கை, அந்நகரின் எட்டாம் அவென்யூவிலுள்ள கிறிஸ்து அரசர் ஆலயத்தைக் காட்டிலும் ஓஃபியர் சாலையில் கிடைக்க வாய்ப்பு மிகுதி.

இந்துக் குடும்பங்களின் நிலை வேறு. நகரத்தார், திருமணத்தைத் தம் ஒன்பது நகரக்கோயில்களுள் உரிய கோயிலில் பதிந்து, புதுமணத் தம்பதியரைத் தனிப் 'புள்ளி'யாகக் கணக்கிடும் வழக்கம் உடையவர். இது பங்கேட்டுக்கு மிக நெருங்கிய தமிழ் மரபு. ஆயின் கூலித்தொழிலாளராக வந்த பெரும்பான்மையோருக்கு இத்தகைய ஏடு இல்லை. அவர்களிடம் எஞ்சியிருப்பது குலதெய்வத்தின் பெயரும் அது உறையும் ஊரின் பெயருமே. அதனைப் பழங்கதை எனத் தள்ளுதல் தகாது. தமிழகத்தில் ஒரு குடும்பத்தின் பூர்விகத்தைத் தேடுவார்க்கு அதுவே பெரும்பாலும் முதல் தடயம்.

பெயர் மரபும் தனியே கருதத்தக்கது. ஆங்கிலேயக் குடும்பப்பெயர் நூற்றாண்டுகளாக மாறாது தொடர்வதால் தேடல் எளிது. தமிழர் பெயரோ தலைமுறைதோறும் மாறுகிறது என்று குறைகூறுவோர் உளர். இக்கூற்றை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. ஒரே பங்கில் ஒரே குடும்பப்பெயருடையோர் இருவர் இருப்பின் அவர்தம் உறவு ஊகமே. சிங்கப்பூர் ஆவணங்களில் தமிழர் பெயரோடு வரும் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்னும் தொடரோ ஒரு தலைமுறையை ஐயமின்றி நிறுவிவிடும். பேரன், மகன், தந்தை மூவரின் ஆவணங்களும் கிடைப்பின் நான்கு தலைமுறை உறுதிப்படும். இடர்ப்பாடு எழுத்துக்கூட்டலில்தான் உள்ளது. எழுத்தர் செவிக்கு எட்டியவாறு எழுதியதால் 'பழனி' ஒரே குடும்பத்தில் மூன்று வடிவம் பெற்றிருத்தல் கூடும். ழகரமும் ளகரமும் ரோமன் எழுத்தில் ஒன்றாகிவிடுவதைத் தமிழாசிரியர் எளிதில் உணர்வர். ஆவணக் காப்பக அட்டவணை உணராது.

சான்றுகள் மறைந்துவரும் வேகமும் கவலைக்குரியது. 1972இல் மூடப்பட்ட பிடாடாரி இடுகாட்டின் கல்லறைகள் 2001க்கும் 2006க்கும் இடையே தோண்டியெடுக்கப்பட்டன. கல்வெட்டுகளுள் மிகச் சிலவே நினைவுத் தோட்டத்தில் எஞ்சின. 1971இல் பிரிட்டிஷ் படைகள் விலகியபோது செம்பவாங் கடற்படைத் தளத்தின் தொழிலாளர் சமூகம் கலையத் தொடங்கியது. சிங்கப்பூரின் இறுதித் தமிழ்ப்பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. இவை ஒவ்வொன்றும் சில நூறு குடும்பங்களுக்கேனும் இருக்கையாக இருந்திருக்கும். 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணி அரிய குரல்களைப் பதிந்து காத்துள்ளது. ஆயின் எல்லாக் குடும்பமும் அதில் இடம்பெறுதல் இயலாது.

1970களின் இறுதியில் ஆங் மோ கியோவில் சாவி பெற்று முதற்குடியேறிய இளந்தம்பதியர் இன்று எழுபது, எண்பது அகவையினர். அந்நகர நூலகம் 1985இல் திறக்கப்பட்டது. தமிழ் வாசகர் வட்டம் அங்கு நெடுங்காலம் கூடிவந்துள்ளது. அத்தகைய கூட்டங்களுக்கு வரும் முதியோரிடம் ஆசிரியரும் மாணவரும் நான்கு வினாக்களைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்: இவ்வீட்டிற்கு வருமுன் எங்கிருந்தீர்கள்? அங்கு எந்தக் கோயில், எந்தப் பள்ளி? உங்கள் பாட்டனார் பெயர் எந்தத் தாளில் உள்ளது? குலதெய்வம் எந்த ஊர்? மூன்றாம் வினாவுக்கு விடையாகப் பெட்டியிலிருந்து ஒரு பழைய அடையாள அட்டையோ திருமண அழைப்பிதழோ வெளிவருமாயின், அதிலுள்ள எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல் அவ்வாறே படியெடுத்தல் வேண்டும்.